பிசிறு

அப்பாவின் ஒன்றரை இஞ்சு உளி என் மேசையில் இருக்கிறது. வாங்கிய புதிதில் அதன் இரும்பு ஆறு இஞ்சு நீளம் என்று அப்பா சொல்லுவார். நான் அதை முதலில் தொட்ட காலத்தில் நாலரை இஞ்சு இருந்தது. இன்று அளந்தால் இரண்டே கால். "மிச்சம் எங்கப்பா போச்சு?" என்று என் மகள் கேட்டாள். கல்லில் போயிற்று என்றேன். அது முழுப் பதில் இல்லை என்று சொன்ன மறுகணமே தெரிந்தது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த பட்டறை. விடியற்காலையில் காக்கைக்கு முன்னால் எங்களை எழுப்புவது கல்லில் இரும்பு உரசும் சத்தம்தான். சர்ர்... சர்ர்... என்று ஒரே சீராக வரும். நடுவில் ஓரிரு நொடி நிற்கும். அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார் என்று பாயில் படுத்தபடியே தெரிந்துகொள்வேன். மறுபடியும் சர்ர்... அன்றைய வேலைக்கு வேண்டிய உளிகளையும் இழைப்புளித் தகட்டையும் தீட்டாமல் அவர் பையில் போட்டதில்லை.

தேக்கு வேலை நடக்கும் நாட்களில் அந்தச் சத்தம் காலையில் மட்டுமல்ல, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தடவை கேட்கும். தேக்கு அறுக்கவும் இழைக்கவும் இணக்கமான மரம். ஆனால் அதன் உடம்புக்குள் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுவேதான். எவ்வளவு நல்ல உருக்கானாலும் தேக்கில் ஓடினால் வாய் சீக்கிரம் மழுங்கும். "தேக்கு ஆத்து மணலக் குடிச்சு வளந்த மரம்லா" என்பார் அப்பா. சிலிக்கா என்ற சொல் அவருக்குத் தெரியாது. செய்தி மட்டும் தெரியும்.

எனக்குப் பத்து வயதானபோது தீட்டக் கற்றுக்கொடுத்தார். முதலில் முதுகு. உளியின் தட்டையான பக்கத்துக்கு அதுதான் பெயர். "ரெண்டு பக்கமும் கூடுற எடந்தான் கூர். ஒரு பக்கம் கோணலா இருந்தா இன்னொண்ணு யாரோட போய்ச் சேரும்?" என்றார். முதுகைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்க வேண்டும். புது உளிக்கு ஒரு முறை இதைச் செய்துவிட்டால் பிறகு பெரிய வேலை இல்லை. அந்த ஒரு முறைக்கே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்தது சாய்வு. நனைந்த கல்லில் சாய்வை வைத்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினால், ஒரு இடத்தில் அது தானாக உட்காரும். உட்கார்ந்ததை விரல் உணரும். கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. வாய்க்கு முன்னால் தண்ணீர் மெல்லிய கோடாகப் பிதுங்கும். அந்தக் கோடு வாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே அளவில் இருந்தால் இரும்பு முழுதாகப் படிந்திருக்கிறது. இனி அந்தச் சரிவு குலையாமல் தள்ளி இழுக்க வேண்டும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு, தோளிலிருந்து உடம்பையே ஆட்ட வேண்டும். என் மணிக்கட்டு ஒவ்வொரு தள்ளலிலும் கொஞ்சம் எழும், கொஞ்சம் தாழும். பத்து நிமிடத்தில் சாய்வு நடுவில் புடைத்துவிடும். அப்பா வாங்கிப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பி, ஒன்றும் சொல்லாமல் அதைச் சமமாக்கித் திரும்பக் கொடுப்பார். அதற்கு அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. உளியின் கனத்தைப்போல் இரண்டு பங்கு சாய்வின் நீளம். இலவு மாதிரி மெத்தென்ற மரத்துக்கு இரண்டே கால் பங்கு. ஓர் ஈர்க்கை ஒடித்து வைத்து அளந்து காட்டுவார்.

எல்லாவற்றிலும் முக்கியமாக அவர் சொல்லிக்கொடுத்தது பிசிறு. சாய்வைத் தேய்க்கத் தேய்க்க வாயோரத்து இரும்பு மெலிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கல்லுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்த மெல்லிய ஓரம் மடிந்து, மறுபக்கமாகச் சுருண்டு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாக இழுத்தால், ஓரத்தில் ஏதோ தட்டும். நூலிழையைவிட மெல்லிய ஒரு வரம்பு. அதுதான் பிசிறு. சாய்வும் முதுகும் கூடிவிட்டன என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

"பிசிறு எழும்புத வரைக்கும் நிறுத்தாத. எழும்பின பொறவு அதை வச்சுக்கிட்டு வேலைக்குப் போவாத." தீட்டும் தொழில் பற்றி அப்பா எனக்குச் சொன்னது மொத்தமும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கும். பிசிறு எழும்புமுன் நிறுத்தினால், சாய்வு எவ்வளவு பளபளத்தாலும் நுனியில் பழைய மழுக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிசிறோடு வேலைக்குப் போனால் முதல் நாலு வெட்டு பிரமாதமாக விழும். ஐந்தாவதில் பிசிறு பிய்ந்து, போகும்போது கூரையும் கொண்டுபோய்விடும். ஆகவே கல்லின் நைசுப் பக்கத்தில் முதுகை ஒரு முறை, சாய்வை ஒரு முறை என்று மாற்றி மாற்றி இழுத்து அதை மெலிவிக்க வேண்டும். கடைசியில் பலகையில் ஒட்டிய பழைய செருப்புத் தோலில், வாய் பின்னால் வரும்படி இழுத்தால் அது உதிர்ந்துவிடும். முடிவெட்டும் கடையில் சுவரோரம் தொங்கிய தோல்வாரில் சவரக்கத்தியை முன்னும் பின்னும் புரட்டுவார்களே, அதுவும் இதே காரியம்தான்.

பிறகு சோதனை. கையிலுள்ள மயிரைச் சிரைத்துப் பார்ப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. ஓர் இலவங்கட்டையின் தலைப்பை, இழைகள் நம்மைப் பார்த்து நிற்கும் பக்கத்தை, உளியால் சீவிக் காட்டுவார். மெத்தென்ற மரம் கூர் இல்லாத இரும்புக்கு நசுங்கும், பொடிப்பொடியாகப் பெயரும். கூர் இருந்தால்தான் வெட்டிய இடம் மெழுகு தேய்த்ததுபோல் வழவழக்கும். இன்னொன்றும் சொல்லுவார். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

பட்டறை மூலையில் பாதி உடைந்த கரும்பழுப்புச் சக்கரம் ஒன்று கிடந்தது. சிறுவயதில் எனக்கு அதுதான் ஆசனம். அது தாத்தாவின் சாணைக்கல். குருந்தக்கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கோடு பிசைந்து செய்தது. அச்சில் வாரைச் சுற்றி ஒருவர் மாற்றி மாற்றி இழுப்பார், மற்றவர் இரும்பைக் காட்டுவார். அரக்கு சூடு பட்டால் இளகும். ஆகையால் அந்தக் கல்லை வேகமாகச் சுற்ற முடியாது. குறை மாதிரித் தெரிகிற அந்த நிதானமே இரும்புக்குக் காவலாக இருந்தது. அது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

குருந்தம் நம் மண்ணில் கிடைப்பது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் பாறையோடு பாறையாக இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரம் 10, குருந்தம் 9. ஆங்கிலேயர் இந்தக் கல்லின் பெயரை நம்மிடமிருந்தே எடுத்துக் கொரண்டம் ஆக்கிக்கொண்டார்கள். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்செசன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் காய்ச்சினார். வைரம் வரவில்லை. குருந்தத்தையும் விஞ்சும் கடினத்தோடு பளபளக்கும் பொடிப்படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணி அவர் வைத்த பெயர் கார்பொரண்டம். அது சிலிக்கன் கார்பைடு என்பது பிறகு தெரிந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூடி கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை வந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்று அப்பா வைத்திருந்த சாம்பல் நிறக் கல் அந்த வம்சம். தாத்தாவின் குருந்தம் கடல் கடந்து போய், வேறு உடம்போடு, பெயரில் பாதியைச் சுமந்துகொண்டு எங்கள் பட்டறைக்கே திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றும்.

எனக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறை. அப்பா பாபநாசத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் நான்கு நாள் தங்கியிருந்தார். அந்த ஒன்றரை இஞ்சு உளியை வீட்டில் விட்டுப் போயிருந்தார். பழைய ஜன்னல் சட்டம் ஒன்றைக் கழற்றும்போது உள்ளே மறைந்திருந்த ஆணியில் பட்டு, வாயில் ஒரு பல் விழுந்திருந்தது. அவர் வருமுன் அதைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்லில் தேய்த்தால் ஒரு நாள் ஆகும். ஊரில் ஒரு வெல்டிங் கடையில் மின்சார சாணை இருந்தது. தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கேட்டு நானே பிடித்தேன். பூவாணம் மாதிரிப் பொறி பறந்தது. மூன்று நிமிடத்தில் பல் மறைந்துவிட்டது. வாயோரத்தில் மயில் கழுத்துபோல ஒரு நீலம் படர்ந்திருந்தது. அது அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா உளியைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது. "நீலம் ஓடிட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உளிக்கு உயிர் அதன் தோய்ச்சல். கொல்லர் உருக்கைச் செக்கச்செவேலெனக் காய்ச்சித் தோய்க்கிறார். அப்போது அது கண்ணாடிபோல் கடினமாகி, கண்ணாடிபோலவே உடையும் குணத்தையும் பெறுகிறது. மறுபடியும் மெல்லச் சூடு காட்டி, வைக்கோல் மஞ்சள் படரும்போது நிறுத்துகிறார். 200 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய சூடு அது. கடினமும் உறுதியும் ஒத்துப்போகும் இடம். சூடு 300 டிகிரியை எட்டினால் நீலம் வரும். நீலம் வந்த இடத்தில் இரும்பு இளகிப்போயிற்று என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் அந்த வாய் நிற்காது. சாணையில் மெல்லிய வாயோரம் கண்மூடித் திறப்பதற்குள் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். தாத்தாவின் அரக்குக் கல்லுக்கு அந்த வேகம் வராது, அந்தச் சூடும் வராது.

மறுநாள் மாலை அப்பா கல்லை நனைத்து என் முன் வைத்தார். நீலம் போகிற வரைக்கும் நானே கையால் தேய்க்க வேண்டும். மூன்று மாலைகள் தேய்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் ரம்பத்துக்கு முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுக்கொண்டிருந்தார். அரத்தின் கிறீச்சும் கல்லின் சர்ரும் மாறி மாறிக் கேட்டன. மூன்றாம் நாள் இருட்டும் வேளையில் வெள்ளை இரும்பு தெரிந்தது. கால் இஞ்சு போயிருந்தது. அந்த மூன்று நாளில்தான் என் மணிக்கட்டு ஆடுவதை நிறுத்தியது.

அம்மாவின் அருவாமனையைத் தீட்டும் பாடம் அதற்கு நேர் எதிர். அதன் வளைந்த இரும்பு பலகையோடு பிணைந்திருப்பதால் கல்லுக்குக் கொண்டுவர முடியாது. கல்தான் அதனிடம் போக வேண்டும். அம்மா அதைக் காலால் அழுத்திக்கொள்ள, நான் சிறு கல்லால் அதன் வளைவோடு தடவிக்கொடுப்பேன். தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வந்தாலும் அம்மா அதை வெளியே எடுக்க மாட்டாள். அவசரமென்றால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, மெருகு படாத அதன் அடிவட்டத்தில் கத்தியை நாலு இழுப்பு இழுத்துக்கொள்வாள். பீங்கானும் நல்ல தீட்டுக்கல்தான்.

படித்தேன், கோயம்புத்தூரில் அலுவலக வேலை கிடைத்தது, இருபது வருடம் உளியைத் தொடவில்லை. மகளுக்கு ஒரு முக்காலி செய்யலாம் என்று தோன்றியபோது ஒரு உளி வாங்கினேன். தீட்ட உட்கார்ந்தால் பழைய ஆட்டம் மணிக்கட்டுக்குத் திரும்பியிருந்தது. அப்போதுதான் சாய்வு பிடிக்கும் கருவி ஒன்று வாங்கினேன். ஷெஃபீல்டின் எக்லிப்ஸ் செய்து உலகெங்கும் பரவிய மாதிரி அது. இரண்டு தாடைகள் உளியை இறுக்கிப் பிடிக்கும். அடியில் ஒரு சிறு உருளை. உளி 30 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்தால் சாய்வு 30 டிகிரி, 40 மில்லிமீட்டர் என்றால் 25. இழைப்புளித் தகட்டுக்கு 38, 50. அளந்து இறுக்கி, உருளையைக் கல்லில் வைத்துத் தள்ளினால் சாய்வு இம்மியும் பிசகாது. சமையல் கத்திக்கு வேறொன்று வாங்கினேன். அதில் கத்தி அசையாமல் நிற்கும், தண்டின் நுனியில் பூட்டிய கல் ஒரே கோணத்தில் போய் வரும். அம்மாவின் அருவாமனை மாதிரி, கல்தான் இரும்பைத் தேடி வருகிறது.

ஒரு நாள் இரவு 30 டிகிரியைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். முப்பது டிகிரியின் சைன் அரை. அதாவது கனத்தைப்போல் சரியாக இரண்டு பங்கு சாய்வு. இரண்டே கால் பங்கு என்றால் 26 டிகிரிக்குச் சற்று அதிகம். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்த கணக்கை அப்பா ஓர் ஈர்க்கில் வைத்திருந்திருக்கிறார்.

ஆனாலும் கருவி வாங்கிய சேதியை அவரிடம் மூன்று வருடம் சொல்லவில்லை. கையால் வராததைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன் என்ற கூச்சம். தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, அதியமானுடையவை போரில் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டு நினைவுக்கு வரும். என் அலமாரியில் வரிசையாக இருந்த புதுக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் பட்டறையில் பள்ளம் விழுந்து கிடக்கும் அப்பாவின் கல் கண்ணில் நிற்கும்.

ஒரு தீபாவளிக்குப் போனபோது அம்மா அடுக்களையில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அப்பா இப்பம் உளியத் தொடுததே இல்லய்யா." கைநடுக்கம். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பட்டறைக்குப் போய்ப் பையைத் திறந்தேன். இருபத்து மூன்று உளிகளிலும் துரு பூத்திருந்தது. அவருடைய உளியில் நான் துருவைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குய்யா" என்றார். சாய்வு உட்காருகிற இடம் அவர் விரலுக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் நிற்கத்தான் கை மறுக்கிறது.

அடுத்த மாதம் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் எடுத்து வைக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கையில் வாங்கி, உருளையைச் சுற்றிப் பார்த்து, "இது என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"சாய்வப் பிடிச்சுக்கும்ப்பா. நீங்க தள்ளுனாப் போதும்."

ஒன்றரை இஞ்சு உளியின் துருவைத் துடைத்து, 30 மில்லிமீட்டர் அளந்து நானே இறுக்கிக் கொடுத்தேன். இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் உருளை கல்லை விட்டு எழவில்லை. சர்ர்... சத்தம் பழைய மாதிரிச் சீராக இல்லை, இடையிடையே தடுக்கியது. ஆனாலும் அது அந்தச் சத்தம்தான். அம்மா ஈரக் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

என் கணக்கில் இருபது தள்ளல் போதும். "போதும்ப்பா, வந்துட்டு" என்றேன். அவர் உளியைத் திருப்பி, நடுங்கும் கட்டைவிரலை முதுகிலிருந்து வெளியே இழுத்தார். விரல் வெட்டுப்பட்டுவிடுமோ என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். "இந்த ஓரத்துல இன்னும் எழும்பல" என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வேறுபாடு தெரியவில்லை. அவர் இன்னும் ஆறேழு முறை தள்ளினார். "இப்பம் பாரு." என் விரலைப் பிடித்து வைத்தார். அந்த ஓரத்திலும் நூல்போல் தட்டியது.

அன்று எனக்குத் தெளிந்தது இதுதான். சாய்வைக் கருவி பிடித்துக்கொள்ளும், கை தளர்ந்தவருக்கும் கை பழகாதவருக்கும் அது பெரிய துணை. ஆயிற்றா இல்லையா என்று சொல்லும் கருவியை மட்டும் நான் எங்கும் பார்த்ததில்லை. அது விரலுக்கு உள்ள அறிவு. அப்பாவின் கை அவரை விட்டுப் போன பின்னும் அந்த அறிவு போகவில்லை.

இலவங்கட்டை கொண்டுவரச் சொன்னார். என்னைச் சீவச் சொல்லிப் பார்த்தார். வழவழப்பாக வந்தது. கருவியை மறுபடி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி, "நல்ல சாமான். இது அன்னைக்கு இருந்திருந்தா உனக்கு ஒரு மாசத்துல சொல்லிக் குடுத்திருப்பேன்" என்றார். மூன்று வருடக் கூச்சம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்தது. கருவியை அவரிடமே விட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது இருபத்து மூன்று உளிகளிலும் துரு இல்லை. அதன் பிறகு இரண்டு வருடம், இறப்பதற்கு முந்தைய மாதம் வரை, காலையில் அந்தச் சத்தம் கேட்டது என்று அம்மா சொன்னாள்.

உளி இப்போது என்னிடம். தீட்டத் தீட்டக் குறையும் என்பதால் அதை வேலை இல்லாமல் தீட்டுவதில்லை. மகளின் கேள்விக்குப் பிறகு ஒரு நாள் பதில் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் அவள் தாத்தா செய்த கதவுகள் இருக்கின்றன. ஜன்னல்கள், ஊஞ்சல் பலகைகள், நான் படுத்த தொட்டில். மிச்ச இரும்பெல்லாம் அங்கே போயிருக்கிறது. ஒரு கால் இஞ்சு மட்டும் நான் கற்றுக்கொள்வதற்காகப் போனது.

அவளுக்கும் இப்போது பத்து வயது. கருவியில் உளியைப் பூட்டி, ஸ்கேல் வைத்து 30 மில்லிமீட்டர் அளந்துகொள்கிறாள். நேற்று இருபது எண்ணி முடித்ததும் நிறுத்தினாள். "எழும்பிட்டா?" என்று கேட்டேன். கட்டைவிரலை முதுகிலிருந்து வெளியே இழுத்துப் பார்த்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, நிதானமாக, மூன்று இடத்தில்.

"இன்னும் இல்லப்பா" என்று மறுபடியும் தள்ளத் தொடங்கினாள்.